புதிய கிளட்ச்சின் முனகலும் உதறலும்

கையால் கியர் மாற்றும் காரில் கிளட்ச் மாற்றப்பட்ட சில நாள்களுக்குள்ளாகவே பெடலை மிதிக்கும்போது ஒரு முனகலோ, வண்டி நகரத் தொடங்கும்போது இருக்கைகள்வரை ஏறிவரும் ஓர் உதறலோ தோன்றினால், புதிதாகப் போட்ட பிளேட் தரமற்றது என்ற முடிவுக்கே பலரும் உடனே வந்துவிடுகின்றனர். தரமற்ற பிளேட்டுகள் சந்தையில் உலவுவது உண்மைதான். ஆனால் மாற்றத்திற்குப் பின் எழும் கோளாறுகள் பல வேளைகளில் புதிய பாகத்தில் பிறப்பதில்லை, அது பொருத்தப்பட்ட விதத்திலோ, அதன் அருகே மாற்றாமலும் துடைக்காமலும் விடப்பட்ட பழைய பாகத்திலோ பிறக்கின்றன. கிளட்ச்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கியாக வேண்டும். முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் வெளியே எடுத்தாக வேண்டும். காரணம் அறியாமல் இறக்கப்படும் கியர் பாக்ஸ் மறுபடியும் இறக்கப்பட நேரும் என்பதாலும், அந்தக் கூலி ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் தலையிலேயே விழும் என்பதாலும், ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமல் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய சோதனைகளே இங்கு எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கவை.

அந்தச் சோதனைகள் விளங்குவதற்கு, எந்த நிலையில் எந்தப் பாகம் சுழல்கிறது, எது நிற்கிறது என்பதை அறிந்தால் போதும். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஃபிளைவீல் என்னும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் வழவழப்பான முகத்துக்கும், அதன்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வு லைனிங் ரிவிட் அடிக்கப்பட்ட கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. நெருக்குவது டயஃப்ரம் ஸ்பிரிங் என்னும் கிண்ண வடிவ எஃகு வில். அதன் நடுப்பகுதி விரல்கள் எனப்படும் பல நாக்குகளாகப் பிளவுபட்டிருக்கும். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையிலுள்ள பல்வரிசை, கியர் பாக்ஸுக்குள் விசையைக் கொண்டுசெல்லும் இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிசையில், அதாவது பணிமனைகளில் ஸ்ப்ளைன் என்று சொல்லப்படும் பகுதியில், முன்னும் பின்னும் சறுக்கும்படி அமர்ந்திருக்கிறது. பெடலை மிதித்தால், ஆல்டோ போன்ற சிறு கார்களில் ஒரு கேபிளும், வேறு பல கார்களில் பிரேக் ஆயிலின் அழுத்தமும் ரிலீஸ் பேரிங்கை அந்த விரல்களின் மேல் தள்ள, பிரஷர் பிளேட் பின்வாங்கி, கிளட்ச் பிளேட் விடுபடுகிறது. எனவே பெடலிலிருந்து கால் எடுக்கப்பட்டிருக்கும்போது, கியர் நியூட்ரலில் இருந்தாலும், இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கிறது. பெடல் முழுவதும் மிதிக்கப்பட்டால் ஷாஃப்ட் மெல்ல ஓய்ந்து நிற்க, ரிலீஸ் பேரிங் முழுச் சுமையோடு வேலை செய்கிறது. ஒலியின் மூலத்தைக் கண்டறியும் முறை அனைத்தும் இந்த ஒரு மாறுதலின் மேல்தான் நிற்கிறது.

சமதரையில் கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நியூட்ரலில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, பெடலைத் தொடாமல் கேட்க வேண்டும். அப்போது கேட்கும் ஓர் இரைச்சல் பெடலை முழுவதும் மிதித்தவுடன் மறைந்தால், அது மிதிக்கும்போது நின்றுவிடுகிற பாகத்துக்குரியது. அதாவது இன்புட் ஷாஃப்ட்டைத் தாங்கும் கியர் பாக்ஸ் பேரிங்கையோ, கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று மோதும் கடகடப்பையோ அது குறிக்கிறது. இந்தக் கடகடப்பு கிளட்ச் மாற்றத்திற்குப் பிறகே தொடங்கியிருந்தால் ஒரு தனிக் காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுவே உள்ள சிறு சுருள் வில்கள், எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தரும் அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்வதற்காகவே வைக்கப்பட்டவை. வேறு எஞ்சினுக்கென வடிவமைக்கப்பட்ட பிளேட், அளவில் பொருந்திவிட்டாலும், வில்களின் வலிமை பொருந்தாததால் அந்த அதிர்ச்சியை அப்படியே கியர் பாக்ஸுக்குள் அனுப்பிவிடுகிறது.

மாறாக, மிதிக்கும்போது ஒலி பிறந்து, மிதிக்க மிதிக்கப் பெருகினால் ஐயம் ரிலீஸ் பேரிங்கின் மேல் செல்ல வேண்டும். கிளட்ச் செட் முழுவதும் மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டும் இந்த ஒலி கேட்டால், பழைய பேரிங்கே மீண்டும் போடப்பட்டதா என்பதை உரிமையாளர் தயங்காமல் கேட்க வேண்டும். புதிய பேரிங் போடப்பட்டிருந்தாலும், அதைப் பெட்ரோலிலோ கரைப்பானிலோ கழுவும் பழக்கம் அதன் ஆயுளை அங்கேயே முடித்துவிடுகிறது. ஏனெனில் அது தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து மூடப்பட்டது, கழுவினால் உள்ளே உள்ள கிரீஸ் கரையுமே தவிர வெளியிலிருந்து மறுபடியும் நிரப்ப வழியில்லை. பேரிங் சறுக்கிச் செல்லும் குழாய் தேய்ந்திருந்தாலோ, டயஃப்ரம் விரல்களின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தாலோ நல்ல பேரிங்கும் சத்தமிடும்.

மூன்றாவது நிலை சற்று நுட்பமானது. பெடலை மிதித்து, முதல் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி காத்திருக்கும்போது மட்டும் ஒரு கீச்சொலி கேட்டால் அது பைலட் பேரிங்கினுடையதாக இருக்கலாம். இன்புட் ஷாஃப்ட்டின் முன்முனையைக் கிராங்க் ஷாஃப்ட்டின் நடுவில் தாங்கும் இந்தச் சிறு பேரிங், இரு ஷாஃப்ட்டுகளும் ஒரே வேகத்தில் சுழலும்வரை வேலையின்றி இருக்கிறது. ஒன்று நின்று மற்றொன்று சுழலும்போதுதான் உருளத் தொடங்குகிறது. டொயோட்டா இன்னோவாவின் பின்சக்கர இயக்க மாடல்களைப் போல எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்த வண்டிகளில் இது உண்டு. எஞ்சின் குறுக்காக அமர்ந்த முன்சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தப் பேரிங்கே கிடையாது என்பதால், அத்தகைய காரில் பைலட் பேரிங் போய்விட்டது என்று யாரேனும் சொன்னால், முதலில் அந்தக் காரில் அப்படி ஒன்று உள்ளதா என்று கேட்பது நல்லது. எஞ்சினை அணைத்துவிட்டு வெறும் பெடலை மிதித்தாலே கிறீச்சிடுமானால் கியர் பாக்ஸுக்கு அதில் தொடர்பு குறைவு. பெடலின் புஷ், கேபிள், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் ஊன்றியிருக்கும் குமிழ் ஆகியவற்றின் வறட்சியே பெரும்பாலும் காரணம். எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்தால் உலோகம் உரசும் கரகரப்போடு கியரும் விழ மறுத்தால், பிளேட் முன்பின்னாகத் திருப்பிப் போடப்பட்டதோ என்று சோதிப்பது அவசியம். நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும் இந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காகவே ஃபிளைவீல் பக்கம் எது என்று பிளேட்டின் மேல் பொறிக்கும் வழக்கம் உள்ளது.

ஒலியை விட உதறல் ஆழமான பொருள். வண்டி நிற்கும் நிலையிலிருந்து நகரும்போது எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழன்றுகொண்டிருக்க, சக்கரங்களோடு இணைந்த இன்புட் ஷாஃப்ட் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை லைனிங் வழுக்கிக்கொண்டே பிடிக்க வேண்டும். நல்ல லைனிங்கில் வழுக்கும் வேகம் எதுவாயினும் உராய்வு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். எண்ணெயோ கிரீஸோ பட்ட லைனிங்கிலும், சூட்டில் பளபளப்பேறிய லைனிங்கிலும் அப்படி இருப்பதில்லை. வழுக்கும் வேகம் கூடும்போது பிடிப்பு குறைந்து, வேகம் குறையும்போது பிடிப்பு திடீரெனக் கூடுகிறது. இதனால் பிளேட் பிடிப்பதும் நழுவுவதுமாக நொடிக்குப் பலமுறை மாறிமாறி இயங்குகிறது; வயலின் கம்பியின் மேல் வில் ஒட்டியும் விடுபட்டும் செல்வதால் கம்பி அதிர்வதும் இதே இயற்பியல்தான். பிளேட், ஷாஃப்ட்டுகள், டயர்கள் அடங்கிய தொடருக்கு முதல் கியரில் தனக்கென ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அது பயணிகள் கார்களில் நொடிக்கு ஏறத்தாழப் பத்து அதிர்வுகளாக அமைவதால், உள்ளே இருப்பவர் அதை ஒலியாகக் கேட்பதில்லை, உடலின் குலுக்கலாகவே உணர்கிறார்.

உதறலுக்கு இரண்டாவது ஒரு பிறப்பிடமும் உண்டு. அது உராய்வில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. பிளேட் சற்றே வளைந்திருந்தாலும், ஃபிளைவீல் முகம் சீரற்றிருந்தாலும், பிரஷர் பிளேட் சாய்வாக அமர்ந்திருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை அழுத்தம் கூடிக் குறைகிறது. நிமிடத்திற்கு 800 சுற்று என்பது நொடிக்குப் பதின்மூன்று சுற்றுக்குச் சற்று மேல். அதாவது, மேலே சொன்ன தொடரின் இயல்பான அதிர்வெண்ணுக்கு மிக அருகில். மில்லிமீட்டரின் ஒரு சிறு பகுதியே ஆன வளைவு, ஐடிலிங் வேகத்தில் கிளட்ச்சை விடும்போது ஒரு முழு வண்டியையே குலுக்குவதன் காரணம் இதுதான். ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டு வண்டியை எடுத்தால் உதறல் குறைவதைக் கண்டு பல ஓட்டுநர்கள் அதையே பழக்கமாக்கிக்கொள்கின்றனர். அது நோயைத் தீர்ப்பதில்லை, வழுக்கலால் வரும் சூட்டைப் பெருக்கி லைனிங்கை விரைவாகத் தின்கிறது.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிய உதறலோடு கூடவரும் துணைக்குறியைக் கவனிக்க வேண்டும். உதறலோடு வழுக்கலும் இருந்தால், அதாவது உயர்ந்த கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி ஏறியும் வண்டியின் வேகம் ஏறாமல் போனால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, உதறலோடு கியர் விழுவதும் கடினமாக இருந்தால், பெடலை முழுவதும் மிதித்துச் சில நொடிகள் பொறுத்த பிறகும் ரிவர்ஸ் கியர் கரகரத்தே விழுந்தால், பிளேட் வளைந்து முழுவதும் விடுபடாமல் இழுபடுகிறது என்று கொள்ளலாம். ஹைட்ராலிக் அமைப்பில் காற்று புகுந்திருந்தாலும் இதே கரகரப்பு வரும் என்பதால், பெடலை நான்கைந்து முறை விரைவாக மிதித்த பின் கியர் எளிதாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் காற்றை வெளியேற்றும் வேலையே முதலில் செய்யத் தக்கது.

எண்ணெய் லைனிங்குக்கு வரும் வழிகள் சில. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற ஆயில் சீலும், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலும் கிளட்ச் இருக்கும் அறையின் இருபுறங்களிலும் அமைந்திருக்கின்றன. பழைய சீலை அப்படியே விட்டுப் புதிய பிளேட்டைப் போடுவது, கசியும் கூரையின் கீழ் புதிய நெல்மூட்டையை அடுக்குவது போன்றது. ஸ்ப்ளைனில் தேவைக்கு மேல் தடவப்பட்ட கிரீஸ், சுழற்சியின் விசையால் வெளியே வீசப்பட்டு லைனிங்கில் படிகிறது. பல்வரிசையில் மெல்லிய ஒரு பூச்சைத் தடவிப் பிளேட்டை முன்பின் நகர்த்தி, மிஞ்சியதை முழுவதும் துடைத்துவிடுவதே முறை. துரு பிடிக்காமலிருக்கப் புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் பூசி அனுப்பப்படும் எண்ணெயைக் கரைப்பானால் கழுவாமல் பொருத்துவதும், கிரீஸ் படிந்த கையால் லைனிங்கைத் தொடுவதும் சிறிய செயல்களாகத் தோன்றினாலும் உதறலில் கொண்டுபோய் விடுகின்றன. பழைய கிளட்ச்சின் தூசியைக் காற்றால் ஊதிவிடுவதும் கூடாது. பழைய லைனிங்குகள் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. ஈரத்துணியால் துடைத்தெடுக்கும் எளிய பழக்கம் மெக்கானிக்கின் உயிரைக் காக்கிறது.

ஃபிளைவீலைப் பற்றிய அலட்சியமே இத்துறையில் மிகப் பரவலான குறை என்று சொல்ல வேண்டும். அரைக் கிளட்ச்சில் நீண்ட நேரம் ஓட்டப்பட்ட வண்டியின் ஃபிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் காணப்படும்; அங்கெல்லாம் வார்ப்பிரும்பு கடும் சூட்டில் உள்ளமைப்பு மாறிக் கடினமாகிவிட்டது. அந்தத் திட்டுகளும் சுற்றியுள்ள பகுதியும் ஒரே அளவில் பிடிப்பதில்லை, ஒரே அளவில் தேய்வதும் இல்லை. லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்செய்தால் மேலோட்டமான சேதம் நீங்கும். ஆழத்தில் இறங்கிய கடினத் திட்டுகள் மறுபடியும் மேலெழும் என்பதால் அத்தகைய ஃபிளைவீலை மாற்றுவதே சரி. பிரஷர் பிளேட் அமரும் விளிம்பு, உராயும் முகத்தை விட உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும் ஃபிளைவீல்களில் இரண்டு முகங்களையும் ஒரே அளவு சீவ வேண்டும். ஒன்றை மட்டும் சீவினால் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் அழுத்தமே மாறிவிடும். டொயோட்டா பணிமனைக் கையேடுகளில் ஃபிளைவீல் முகத்தின் ஆட்டத்துக்குப் பொதுவாகக் காணப்படும் உச்ச வரம்பு 0.1 மில்லிமீட்டர், கிளட்ச் பிளேட்டின் விளிம்பு ஆட்டத்துக்கு 0.8 மில்லிமீட்டர், டயஃப்ரம் விரல்நுனிகளின் உயர வேறுபாட்டுக்கு 0.5 மில்லிமீட்டர். இவை கண்ணால் அளக்கக்கூடியவை அல்ல, டயல் கேஜ் என்னும் சிறு கருவி தேவை. அந்தக் கருவி இல்லாத பணிமனையில் ஃபிளைவீல் நன்றாக இருக்கிறது என்று சொல்லப்படுவது வெறும் ஊகமே.

பொருத்தும்போது நேரும் பிழைகளில் ஒன்று தனியாகக் குறிப்பிடத் தக்கது, ஏனெனில் அதைச் செய்தவருக்கே தெரியாமல் அது நிகழ்கிறது. கியர் பாக்ஸை மேலே ஏற்றும்போது இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் ஸ்ப்ளைனுக்குள் நுழைந்தபின், போல்ட்டுகள் இறுக்கப்படும்வரை கியர் பாக்ஸின் எடையை ஜாக்கி தாங்க வேண்டும். ஒரு கணம் கை தளர்ந்தாலும் அவ்வளவு எடையும் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்குகிறது, மெல்லிய எஃகுத் தகட்டாலான பிளேட் வளைந்துவிடுகிறது. வெளியே எடுத்துப் பார்த்தாலும் லைனிங் புத்தம்புதிதாகவே தெரியும் என்பதால் குற்றம் தயாரிப்பாளரின் மேல் சுமத்தப்படுகிறது. பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தும் கருவி இல்லாமல் கண்ணளவில் பொருத்துவதும், பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்காமல் ஒரு பக்கத்திலிருந்தே முழுவதும் முறுக்கிவிடுவதும், எஞ்சின், கியர் பாக்ஸ் ஆகிய இரண்டின் உறைகளையும் நேர்கோட்டில் நிறுத்தும் டவல் பின்களை விட்டுவிடுவதும் இதே விளைவைத் தருகின்றன.

கிளட்ச்சே குற்றமற்றிருக்க வண்டி உதறுவதும் உண்டு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள் கிழிந்திருந்தால், கிளட்ச் பிடிக்கும் கணத்தில் எஞ்சின் முன்னும் பின்னும் துள்ளும். கியர் பாக்ஸை இறக்கும்போது மவுண்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருப்பதால், ஏற்கெனவே நைந்திருந்த ரப்பர் அப்போதே அறுந்துபோவதும், போல்ட் சரியாக இறுக்கப்படாமல் போவதும் இயல்பு. கிளட்ச் முழுவதும் பிடித்த பிறகும், சீரான வேகத்தில் ஓடும்போதும் தொடரும் நடுக்கத்தைக் கிளட்ச்சின் கணக்கில் எழுதக் கூடாது; அது டிரைவ் ஷாஃப்ட்டையோ சக்கரத்தின் சமநிலையையோ, எஞ்சினின் ஒரு சிலிண்டர் சரியாக எரியாததையோ சுட்டுகிறது. மழைக்காலத்தில் இரவு முழுவதும் வெளியில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் உதறிவிட்டு ஓய்ந்தால், ஃபிளைவீல் முகத்தில் படிந்த மெல்லிய துருவும் ஈரமும் தேய்ந்துபோயின என்று பொருள். அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை.

டீசல் கார்கள் பலவற்றில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985இல் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த டூயல் மாஸ் ஃபிளைவீல், இடையே வளைந்த வில்களைக் கொண்ட இரண்டு சக்கரங்களால் ஆனது. எஞ்சினின் அதிர்ச்சியைக் கியர் பாக்ஸுக்குச் செல்லும் முன்பே அது விழுங்கிக்கொள்கிறது. அதன் வில்கள் தளர்ந்தபின் புதிய பிளேட்டைப் போட்டால், எஞ்சினை அணைக்கும் கணத்தில் ஒரு தடதடப்பும், புறப்படும்போது உதறலும் அப்படியே நீடிக்கும். விலை மிகுதி என்பதால் அதை அகற்றிவிட்டுச் சாதாரண ஒற்றை ஃபிளைவீலைப் பொருத்துவோர் உண்டு. அப்படிச் செய்தால் நியூட்ரலில் கியர் கடகடப்பு கூடும் என்பதை முன்கூட்டியே உரிமையாளரிடம் சொல்வது மெக்கானிக்கின் கடமை.

புதிய லைனிங் தன் முழு முகத்தாலும் ஃபிளைவீலைத் தொடுவதற்குச் சில நூறு கிலோமீட்டர் நகர ஓட்டம் தேவைப்படுகிறது. அதுவரை கனத்த சுமையையும் செங்குத்தான ஏற்றத்தில் அரைக் கிளட்ச்சில் நிற்பதையும் தவிர்ப்பது நல்லது. இந்தக் காலத்தில் மெல்லிய உதறல் நாளுக்கு நாள் குறைந்துவருமானால் பொறுத்திருக்கலாம். ஓடினால் சரியாகிவிடும் என்ற சொல் பணிமனைகளில் எளிதாகக் கிடைக்கிறது; குறையாமல் நிற்கும் உதறலுக்கும், நாளுக்கு நாள் கூடும் உதறலுக்கும், எந்த வகைப் பேரிங் ஒலிக்கும் அந்தச் சொல் பொருந்தாது. சூடேறச் சூடேறக் கூடும் உதறலும் காத்திருப்பதால் தீராது.

எனவே இத்தகைய கோளாறோடு பணிமனைக்குச் செல்லும் வாசகர், ஒலியோ உதறலோ குளிர்ந்த எஞ்சினிலா, சூடான எஞ்சினிலா, பெடலின் எந்த நிலையில், எந்தக் கியரில் வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். அந்தத் தாள் மெக்கானிக்கின் பாதி வேலையை முடித்துவிடும். இனிமேல்தான் கிளட்ச்சை மாற்றப் போகிறவரோ, கியர் பாக்ஸ் கீழே இருக்கும் நேரத்திலேயே இரண்டு ஆயில் சீல்களையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றும்படியும், ஃபிளைவீலை டயல் கேஜ் வைத்து அளந்து காட்டும்படியும், கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தரும்படியும் வேலை தொடங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.